அப்பாவின் கணக்கு நோட்டில் 34 நாள்

கோவில்பட்டி வீட்டை விற்றுவிடுவதென்று முடிவானதும் நானும் தங்கையும் போய் நான்கு நாள் தங்கிச் சாமான்களை ஒதுங்க வைத்தோம். 2017 ஆனி மாதம். பரணில் இருந்த தகரப் பெட்டிக்குள் அப்பாவின் கணக்கு நோட்டுகள் வருட வாரியாக அடுக்கியிருந்தன. அப்பா தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதியவர். ஆபீஸ் கணக்கை முடித்துவிட்டு வந்து, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுக் கணக்கையும் எழுதுவார். வெற்றிலை பாக்கு, மண்ணெண்ணெய், ஆச்சிக்குத் தைலம் என்று அன்றன்றைக்கு நடந்தது எல்லாம் அதில் இருக்கும்.

தங்கை பித்தளைப் பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் 1988 நோட்டைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அந்த வருடம் எனக்கு 12 வயது. முந்தைய இரண்டு நாளும் மதியம் சிக்கன் பிரியாணிதான் வாங்கிச் சாப்பிட்டிருந்தோம். "இன்னைக்கும் அதையே வாங்கிருவோமாக்கா?" என்று தங்கை கேட்டபோது என் விரல் நோட்டில் 'கறி ½' என்ற வரியின் மேல் இருந்தது. அதற்கு முந்தைய கறி எப்போது என்று பின்னால் புரட்டினேன். பதினேழு நாள் முன்னால். அப்புறம் முதல் பக்கத்துக்குப் போய் எண்ண ஆரம்பித்தேன்.

வருடம் முழுக்க 34 நாள். ஆட்டுக் கடையில் வாங்கியது 22, மீன் 9, கோழி 3. கருவாடு தனி. வீட்டில் வளர்த்த கோழியை விருந்தாளிக்கு அறுத்தால் அது கணக்கில் ஏறாது, அதையும் சேர்த்தாலும் 40 தாண்டாது. அதுவும் எவ்வளவு? அரைக் கிலோ. ஆச்சி, அப்பா, அம்மா, சித்தப்பா, நாங்கள் மூன்று பிள்ளைகள் என்று ஏழு பேருக்கு எலும்போடு சேர்த்து அரைக் கிலோ. தீபாவளிக்கும் பொங்கல் மறுநாளுக்கும் மட்டும் பங்குக் கறி ஒரு கிலோ. தெருவில் பத்து வீடு சேர்ந்து கிடாய் பிடித்து, அறுத்து, பனை ஓலையில் கூறு போட்டுப் பிரித்துக்கொள்வார்கள்.

மதுரைக்குத் திரும்பியதும் எங்கள் வீட்டுச் சமையலறைக் காலண்டரில் அதே கணக்கை எழுதினேன். கறியோ கோழியோ மீனோ வாயில் போட்ட நாளுக்கு ஒரு புள்ளி, வெளியே சாப்பிட்டதும் சேர்த்து. 31 நாள் மாதத்தில் புள்ளி இல்லாத நாள் ஆறே ஆறு. அந்த ஆறும் செவ்வாயும் வெள்ளியும்தான். அப்பா ஒரு வருடத்தில் எழுதிய கணக்கை நான் ஐந்தாறு வாரத்தில் முடித்திருப்பேன்.

நாங்கள் பரம்பரையாகக் கறி சாப்பிடுகிறவர்கள் என்று யாரிடமும் சொல்வேன். அது உண்மைதான். ஆனால் தினம் கறி சாப்பிடுவது என் பரம்பரைக்குத் தெரியாது. அது என் கல்யாணத்துக்குப் பிறகு வந்தது.

எப்படி வந்தது என்று யோசித்தால் ஒரே பதில்தான்: பிராய்லர். எங்கள் சின்ன வயதில் கோழி என்றால் ஆட்டுக்கறியைவிட அரிது. நாட்டுக்கோழி கறிக்கு ஆக ஐந்தாறு மாதமாகும். முட்டையிடுகிற கோழியை யாரும் சும்மா அறுக்கமாட்டார்கள். தொண்ணூறுகளில் பல்லடத்தைச் சுற்றி ஒப்பந்தக் கோழிப் பண்ணைகள் பெருகின. ஊருக்கு ஒரு கம்பிக் கூண்டுக் கடை வந்தது, பிறகு தெருவுக்கு ஒன்று. சாயங்காலத் தள்ளுவண்டியில் சிக்கன் 65 வந்தது. விலையில் ஆட்டுக்கறி மேலே போகப் போக, கோழி கீழேயே நின்றது. வேலை முடிந்து ஆறரை மணிக்கு வீட்டுக்கு வருகிற என்னைப் போன்றவளுக்கு இருபது நிமிடத்தில் வெந்துவிடுகிற கோழி பெரிய உதவி. பயறு ஊறப்போட மறந்துவிட்டால் ஊறாது. கோழிக்கு முதல் நாளே எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. அதனால் அப்படி வாங்கியவர்கள் யாரையும் நான் குறை சொல்லமாட்டேன்.

சித்தி மகன் பல்லடம் பக்கம் பெண் எடுத்து அங்கேயே பண்ணை போட்டிருக்கிறான். ஒரு கொட்டகைக்கு ஐயாயிரம் குஞ்சு. அந்த வருடம் ஆவணியில் அவன் வீட்டு விசேஷத்துக்குப் போனபோது, காலண்டர்க் கணக்கு மனதில் இருந்ததால், கொட்டகையைப் பார்க்கவேண்டும் என்று கேட்டேன். ஒருநாள் வயதுக் குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி தரும். இடம், கரண்டு, தண்ணீர், உழைப்பு இவனுடையது. எடைக்குத் தகுந்தபடி வளர்ப்புக் கூலி. தரையில் தேங்காய் நார்க்கழிவு பரப்பியிருந்தது. ஒரு கோழிக்கு ஏறக்குறைய ஒரு சதுர அடி இடம். உள்ளே போனதும் கண் எரிந்தது, எச்சத்திலிருந்து எழும்பும் அம்மோனியா. 36 நாள் ஆன கோழிகள் இரண்டு கிலோவை நெருங்கிக்கொண்டிருந்தன. நடந்து போய்த் தீவனம் தின்றுவிட்டு அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுகின்றன. நெஞ்சின் கனத்தைக் கால் தாங்கவில்லை. தொண்டைக்குள் இன்னும் குஞ்சின் கீச்சுக் குரல்தான்.

"நாப்பது நாள்ல லோடு ஏத்திருவாங்கக்கா. ராத்திரில வந்து பிடிப்பாங்க. இருட்டுல அதுக சத்தம் போடாது" என்றான். அவன் கெட்டவன் இல்லை. கடனை அடைக்க ராப்பகலாக உழைக்கிறவன். வெயில் காலத்தில் கோழிகள் மூச்சுத் திணறிச் சாகக்கூடாது என்று நடு மதியத்தில் கூரை மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டு நிற்பான். ஆனால் எங்கள் வீட்டு முற்றத்தில் குப்பையைக் கிளறிக்கொண்டு, பருந்தைப் பார்த்தால் குஞ்சுகளைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்ட கோழி எனக்கு நினைவிருக்கிறது. அதையும் கொன்றுதான் தின்றோம். அதற்கு முன்னால் அது கோழியாக வாழ்ந்திருந்தது. கொட்டகையில் நான் பார்த்த உயிருக்கு 40 நாளில் அப்படி ஒரு நாள்கூட இல்லை.

மருந்து விஷயமும் என்னைத் தொந்தரவு செய்தது. டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014-ல் 70 கோழிக்கறி மாதிரிகளைச் சோதித்ததில் 40 சதவீதத்தில் ஆன்டிபயாட்டிக் எச்சம் இருந்தது. மனிதர்களுக்கு மற்ற மருந்தெல்லாம் கைவிட்ட பிறகு கடைசியாகக் கொடுக்கும் கொலிஸ்டினைக் கோழிகள் வளர்வதற்காகவும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2019-ல்தான் மத்திய அரசு அதை உணவுக்கான விலங்குகளுக்குத் தடை செய்தது.

புரட்டாசி பிறந்தது. எங்கள் வீட்டில் புரட்டாசி முழுக்கக் கறி கிடையாது. அந்த வருடம் மாதம் முடிந்த பிறகும் நான் திரும்பவில்லை. கறி, மீன், முட்டை எதுவும் வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். வீட்டில் மற்றவர்களுக்கு மட்டும் சமைத்துப் போட்டேன். நன்றாக இருப்பதாகத்தான் நினைத்தேன். 2018 டிசம்பரில் படி ஏறும்போது மூச்சு வாங்கியது, உள்ளங்கால் மதமதவென்றிருந்தது. ரத்தப் பரிசோதனை செய்தால், ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே. பி12 அடிமட்டத்தில். டிரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு கூடியிருந்தது. எச்பிஏ1சி என்கிற மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.1, சர்க்கரை நோயின் வாசல்படி.

கறியை விட்டவளுக்குக் கொழுப்பு ஏறுமா? டாக்டரம்மா என்னை ஒரு நாள் சாப்பாட்டைச் சொல்லச் சொன்னார். சொல்லச் சொல்ல எனக்கே விளங்கிவிட்டது. காலையில் தோசை, சட்னி. மதியம் சோறு, தண்ணீராக ஒரு சாம்பார், உருளைக்கிழங்குப் பொரியல். சாயங்காலம் டீயோடு பிஸ்கட். ராத்திரி உப்புமாவோ சப்பாத்தியோ, அதற்கும் கிழங்கு. தட்டில் கறி இருந்த இடத்தைச் சோறு பிடித்துக்கொண்டது. நான் சைவமாகத்தான் சாப்பிட்டேன். பயறு சாப்பிடவில்லை.

தாவர உணவுக்கு மாற நினைக்கிற நம் ஊர்க்காரர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான். மேற்கத்திய நாடுகளில் தட்டு நிறைய இறைச்சி இருக்கிறது, அதைக் குறைத்தாலே பாதி வேலை முடிந்தது. நம் தட்டின் பாரம் அரிசி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2023-ல் வெளியிட்ட ஆய்வு இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி பேர் என்றது. கறியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு கரண்டிச் சோறு போட்டால், நாம் எந்த நோய்க்குப் பயந்தோமோ அதற்கே விருந்து வைத்த மாதிரி.

அப்பாவின் நோட்டை மறுபடி எடுத்தேன். முதல் தடவை கறியை மட்டும் எண்ணியிருந்தேன். இந்தத் தடவை மற்ற வரிகளைப் படித்தேன். காணம் என்கிற கொள்ளு, தட்டாம்பயறு, மொச்சை, சிறுபயறு, தொலி உளுந்து, துவரை, கடலை, எள்ளு. மாதத்துக்கு மாதம் படிக் கணக்கில். கம்பும் குதிரைவாலியும் ஆச்சியின் சொந்த ஊரிலிருந்து மூட்டையாக வரும், அதற்கு வண்டிக் கூலி மட்டும் எழுதியிருக்கும். கறி இல்லாத 330 நாளும் அந்த வீடு எதைத் தின்று ஓடியது என்பது அதில் இருந்தது. கொல்லாமல் தின்பது எப்படி என்று நான் புத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஆச்சி அதை யாரிடமும் சொல்லாமல் வருடத்தில் பதினோரு மாதம் செய்திருக்கிறாள்.

உதாரணத்துக்கு உளுந்தஞ்சோறு. இரண்டு பங்கு அரிசி, ஒரு பங்கு தொலியோடு உடைத்த உளுந்து, வெந்தயம், சீரகம், ஒரு முழுப் பூண்டு, இறக்குமுன் தேங்காய்த் துருவல். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். புரதம் என்பது பல அமினோ அமிலங்களால் ஆனது. அரிசியில் லைசின் குறைவு, உளுந்தில் அது நிறைய. உளுந்தில் மெத்தியோனின் குறைவு, அரிசியிலும் எள்ளிலும் அது உண்டு. ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. இட்லியும் அப்படித்தான், கம்பங்கூழுக்குக் காணத் துவையல் வைப்பதும் அப்படித்தான். அதிலும் இட்லி மாவு புளிக்கும்போது, பருப்பிலுள்ள இரும்பையும் துத்தநாகத்தையும் உடம்பில் சேரவிடாமல் பிடித்து வைக்கும் ஃபைடேட் குறைகிறது. பயறை ஊறப்போட்டு முளை கட்டினாலும் அப்படியே.

நான் 58 கிலோ. ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்குப்படி உடல் எடை கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும். எனக்கு நாளுக்கு 48 கிராம். இது பெரிய மலை இல்லை, ஆனால் தானாக வந்தும் சேராது. இப்போது என் நாள் இப்படி: காலையில் நான்கு இட்லியில் 8 கிராம், கெட்டிச் சாம்பாரில் 5. பதினோரு மணிக்கு ஒரு கைப்பிடி வேர்க்கடலை, 7. மதியம் சோறு பாதியாகக் குறைந்து, சிறுபயறோ தட்டாம்பயறோ ஒரு கிண்ணம் வந்துவிட்டது, அதில் 11 அல்லது 12. தயிர் 5. ராத்திரி அடை, அல்லது கம்பு தோசையும் காணத் துவையலும். சில நாள் ஒரு முட்டை, 6. வாரம் ஒருமுறை மீல் மேக்கர். சோயாவில் எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சுகிற மாவில் செய்வது அது, உலர்ந்த எடையில் பாதி புரதம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நூறு கிராம் துவரம்பருப்பில் 22 கிராம் புரதம், நூறு கிராம் கோழிக்கறியிலும் அதே அளவுதான் என்று சொல்வார்கள். வேகாத பருப்புக்கு அது சரி. வெந்து தண்ணீர் குடித்து உப்பிய பருப்பில் நூறு கிராமுக்கு 7 கிராம்தான் நிற்கும். சாம்பாரில் மிதக்கும் இரண்டு ஸ்பூன் பருப்பை நம்பி ஏமாந்தவள் நான். கண்ணுக்குத் தெரிகிற அளவில் பயறு தட்டில் இருக்கவேண்டும்.

இரும்புச்சத்து அடுத்தது. கறியில் இருக்கும் இரும்பு உடம்பில் எளிதாகச் சேரும், கீரையிலும் பயறிலும் இருப்பது அவ்வளவு சுலபமாகச் சேராது. கூடவே வைட்டமின் சி இருந்தால் சேரும். சுண்டலில் கடைசியாகப் பிழியும் எலுமிச்சையும், கம்பங்கஞ்சிக்குக் கடித்துக்கொள்ளும் நெல்லிக்காயும் அந்த வேலையைச் செய்கின்றன. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதிலுள்ள டானின் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். எனக்கு எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது இதுதான். இப்போது சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விடுகிறேன்.

பி12-க்குத் தாவரத்தில் வழியே இல்லை. நாளுக்கு ஏறக்குறைய இரண்டு மைக்ரோகிராம்தான் வேண்டும், அந்தத் துளியும் பயறிலோ கீரையிலோ கிடையாது. பால், தயிர், முட்டையில் ஓரளவு உண்டு. முழுக்கத் தாவரம் மட்டும் சாப்பிட நினைப்பவர்கள் மாத்திரையை உணவின் ஒரு பகுதியாகவே நினைத்துக்கொள்ளவேண்டும். எனக்குக் கால் மதமதப்பு போக நான்கு மாதம் ஊசியும் மாத்திரையும் ஆனது. பழைய சோறே எல்லாம் தரும் என்று நம்பிக்கொண்டு இருக்காதீர்கள். எனக்குப் பழைய சோறு உயிர், ஆனாலும் நரம்பு கெட்டால் திரும்புவது கஷ்டம் என்பதால் சொல்கிறேன்.

பயறு வாயு என்பார்கள். உண்மைதான். வாரம் ஒரு தடவை சாப்பிட்டவர்கள் திடீரென்று தினம் ஒரு கிண்ணம் சாப்பிட்டால் வயிறு உப்பும். இரவே ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் பூண்டும் பெருங்காயமும் சேர்த்து வேகவைக்கவேண்டும். ஆச்சி காணத்தை எப்போதும் வறுத்து, திருகையில் உடைத்து, தொலியைப் புடைத்துவிட்டுத்தான் செய்வாள். கொஞ்சமாக ஆரம்பித்து இரண்டு மாதத்தில் கூட்டினால் குடல் பழகிக்கொள்கிறது.

ருசிக்கு என்ன செய்வது என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவெல்லாம் கறி கொதிக்கும்போது எனக்கும் மனம் போகும். அந்த மணத்தில் பாதி மசாலாவின் மணம் என்று பிறகுதான் புரிந்தது. சின்ன வெங்காயமும் சோம்பும் மிளகும் தேங்காயும் வதக்கி அம்மியில் அரைத்த அதே மசாலாவில் பச்சை மொச்சையைப் போட்டுக் கொதிக்கவிட்டால் வீட்டில் யாரும் முகம் சுளிப்பதில்லை. கருணைக்கிழங்கைப் புளித்தண்ணீரில் அரை வேக்காடு வேகவைத்து, மீன் மசாலா தடவித் தோசைக் கல்லில் போட்டால் மகள் மீன் தட்டில் வைப்பது மாதிரியே அடுக்கிக்கொள்கிறாள். பலா முசு என்கிற பிஞ்சுப் பலா கிடைக்கும் மாதங்களில் அதில் சுக்கா. இதெல்லாம் இல்லாத நாளில், கத்திரிக்காயும் மொச்சையும் போட்ட குழம்பில் ஒரே ஒரு துண்டுக் கருவாடு. அந்தத் துண்டு யார் தட்டிலும் விழவேண்டும் என்றுகூட இல்லை, குழம்பில் கிடந்தால் போதும். நம் பழைய சமையலில் இந்த வழி நிறைய உண்டு. எலும்பும் பருப்பும் சேர்ந்த தால்ச்சா, நெஞ்செலும்பில் முருங்கைக்காய். கறியை ஒரு வாசனையாக மட்டும் வைத்துக்கொண்டு காயும் பருப்பும் வயிற்றை நிறைத்தன. அரைக் கிலோ ஏழு பேருக்கு எப்படிக் கண்டது என்பதற்கு அதுதான் பதில். கறியை விடவே முடியாது என்கிறவர்களுக்கு நான் இந்த வழியைத்தான் சொல்கிறேன்.

ஒன்றைப் பற்றி மனம் விட்டு எழுதவேண்டும். நான் கறியைக் குறைத்தது தெரிந்ததும் அலுவலகத்தில் ஒருவர், "பரவாயில்லையே, சுத்தமாயிட்டீங்க" என்று கை கொடுத்தார். எனக்கு உடம்பு கூசியது. 2004-ல் சென்னையில் நானும் கணவரும் வீடு தேடி அலைந்தபோது பெயருக்கு முன்னால் கேட்ட கேள்வி, "நீங்க என்ன சாப்பிடுவீங்க?" மூன்று வீடுகளில் அந்தப் பதிலோடு கதவு சாத்தியது. அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்த 'சுத்தம்' எனக்கு வேண்டாம். என் அப்பாவும் ஆச்சியும் அழுக்கானவர்கள் இல்லை. மாட்டுக்கறி தின்று பிள்ளைகளை வளர்த்தவர்களும் அழுக்கானவர்கள் இல்லை. ஏழைக்குக் கைக்கெட்டும் விலையில் கிடைத்த நல்ல புரதம் அது. தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் அசைவம் சாப்பிடுகிறவர்கள் என்று 2014 கணக்கெடுப்பு சொன்னது. அத்தனை பேரையும் கீழே வைத்து நாலு பேரை மேலே வைக்கிற பேச்சுக்கு என் தட்டு சாட்சி சொல்லாது.

சத்துணவில் 1989-ல் முட்டை சேர்ந்தது. இப்போது வாரத்தில் ஐந்து நாளும் உண்டு. வீட்டில் பருப்புக்குக்கூட வழியில்லாத பிள்ளையின் தட்டிலிருந்து அந்த முட்டையை எடுக்கச் சொல்கிற எந்தத் தாவர உணவுப் பிரசாரத்தோடும் நான் நிற்கமாட்டேன். மாதத்தில் 25 நாள் கறியோ கோழியோ தின்ன வசதி இருக்கிற என்னைப் போன்றவர்களோடுதான் எனக்குப் பேச்சு.

பூமி சூடாவதைப் பற்றியும் கேட்கிறார்கள். 2018-ல் சயின்ஸ் இதழில் 119 நாடுகளின் ஏறக்குறைய 38,700 பண்ணைகளை வைத்து ஒரு ஆய்வு வந்தது. நூறு கிராம் புரதத்துக்கு வெளியாகும் பசுமைக்குடில் வாயு, இறைச்சிக்கென்று வளர்க்கும் மாட்டில் சராசரி 50 கிலோ, ஆட்டில் 20, கோழியில் ஏறக்குறைய 6, பயறில் 1 கிலோவுக்கும் கீழே. பயறின் வேர் முடிச்சில் இருக்கும் பாக்டீரியா காற்றிலிருந்தே நைட்ரஜனை எடுத்துக்கொள்வதால் உரமும் குறைவாகப் போதும். அந்தக் கணக்குப்படி நான் ஆட்டை முதலில் விட்டிருக்கவேண்டும். நான் கோழியைத்தான் முதலில் விட்டேன். எங்கள் கரிசல் காட்டில் அறுவடை முடிந்ததும் ஆட்டுக் கிடை போடுவார்கள். பகலில் தட்டையும் அருகும் மேய்ந்த ஆடு ராத்திரி வயலில் புழுக்கை போட்டு மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்கும். மக்காச்சோளமும் சோயாவும் அதற்கென்று விளைவித்துப் போடவேண்டியதில்லை. வருடத்தில் ஐந்தாறு தடவை அந்த ஆட்டின் கறியைச் சாப்பிடுவது எனக்கு நியாயமாகப் படுகிறது. ஆய்வாளர்கள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். நான் பார்த்த மண்ணையும் பார்த்த கொட்டகையையும் வைத்துச் சொல்கிறேன்.

வீட்டில் ஒரே நாளில் எதுவும் மாறவில்லை. முதல் வருடம் இரண்டு குழம்பு வைத்துக் களைத்துப் போனேன். "வளர்ற புள்ளைக்குப் பயறும் கீரையும் போட்டா சத்து எங்கிருந்து வரும்?" என்று ஊரிலிருந்து வந்த அத்தை கவலைப்பட்டார். அத்தையின் கவலையை நான் ஒதுக்கவில்லை. ஒரு நாள் அத்தையையே உளுந்தங்களி கிண்டச் சொன்னேன், நல்லெண்ணெயும் கருப்பட்டியும் போட்டு. அவர் பெரிய மனுஷி ஆனபோது பதினாறு நாளும் அதைத்தான் கொடுத்தார்களாம். சொல்லிக்கொண்டே கிண்டினார். அதற்குப் பிறகு சத்து எங்கிருந்து வரும் என்று கேட்கவில்லை, "களி கிண்டினியா?" என்று போனில் கேட்பார். கணவர் நான்காவது வருடம் வாக்கில் கோழி வாங்குவதைத் தானாகக் குறைத்துக்கொண்டார். இப்போது எங்கள் காலண்டரில் புள்ளிகள் மாதத்துக்கு நான்கைந்து. ஆடிக் கொடைக்கு ஊருக்குப் போனால், சாமிக்குப் படைத்த கிடாய்க் கறி பந்தியில் வரும்போது நான் இலையை மூடுவதில்லை. அன்றைக்கு ஊரோடு உட்கார்ந்து சாப்பிடுவேன். மறுநாள் பயறுக்குத் திரும்பிவிடுவேன். கடைசியாகப் பார்த்தபோது எச்பிஏ1சி 5.6, ஹீமோகுளோபின் 12.4.

2022-ல் மகளுக்கு 14 வயது. பள்ளியில் மருத்துவ முகாம் நடத்தி, ஹீமோகுளோபின் 9.2 என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நம் நாட்டில் 15-லிருந்து 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை, எதைத் தின்கிற வீடானாலும் அது இருக்கிறது. ஆனாலும் அந்தச் சீட்டைப் பார்த்ததும் என்னால்தானோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. டாக்டரம்மா இரும்பு மாத்திரை எழுதினார், பூச்சி மருந்து கொடுத்தார், உணவை மாற்றத் தேவையில்லை என்றார்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் அப்பாவின் 1988 நோட்டை எடுத்தேன். எத்தனையோ தடவை பார்த்த பக்கங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அடுத்தடுத்து ஐந்து ஞாயிற்றுக்கிழமை. கறிக்கடை வரிகளோடு நான் எண்ணிவிட்டுப் போயிருந்த ஐந்து வரிகள். அவற்றில் அரைக் கிலோ இல்லை, கால் கிலோகூட இல்லை. 'சுவரொட்டி 1 – மூத்தவளுக்கு' என்றிருந்தது. அந்த மழைக்காலத்தில் காய்ச்சலில் கிடந்து எழுந்து நான் வெளுத்துப் போயிருந்தேன். சுவரொட்டி என்றால் ஆட்டின் மண்ணீரல், இரும்புச்சத்து நிறைந்த உறுப்பு. அம்மா அதை மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு நல்லெண்ணெயில் வதக்கித் தருவாள். வீட்டில் மற்ற ஆறு பேருக்கும் அன்றைக்குப் பருப்பு. நான் 34 என்று எண்ணியதில் அந்த ஐந்து நாள் என் ஒருத்திக்கு மட்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கறிக்கடைக்குப் போய் வரிசையில் நின்றேன். நான்கு வருடமாக என்னைப் பார்க்காத கடைக்கார அண்ணன், "என்ன தாயி, எவ்வளவு போட?" என்று கேட்டார். கறி வேண்டாம், சுவரொட்டி இருந்தால் ரெண்டு கொடுங்கள் என்றேன். அம்மா செய்த மாதிரியே வதக்கினேன். மகள் ஒரு துண்டை எனக்கு நீட்டினாள். நீ சாப்பிடு என்றேன். எனக்கும் அவள் அப்பாவுக்கும் அன்று தட்டாம்பயறுக் குழம்பு.

கணக்கு நோட்டு எழுதுகிற பழக்கம் எனக்கும் வந்துவிட்டது. அன்றைய பக்கத்தில் பால், கீரை, பஸ் கார்டு எல்லாம் எழுதிவிட்டு, கீழே எழுதினேன்: சுவரொட்டி 2 – பாப்பாவுக்கு.